விராலுக்குப் போட்ட தவளை

பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவர் செய்ய மறுத்த ஒரே காரியம் மூச்சுப் பயிற்சி. மூன்று நீலப் பந்துகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழ வேண்டும். அவர் முதல் பந்தோடு நிறுத்திவிடுவார். நெஞ்சுத் தையல் இழுக்கிறது என்பார். நுரையீரலின் அடியில் நீர் சேரத் தொடங்கியிருக்கிறது, இப்படியே விட்டால் மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"நீ ஒரு விரால் பிடிச்சிட்டு வா. மூணு பந்தையும் தூக்கிக் காட்டுறேன்" என்றார்.

என்னால் முடியாது என்ற தைரியம். தூண்டிலோடு ஏரிக்குப் போகிறவர் அவர்தான். ஆனால் அவர் தூண்டிலில் இரையாக மாட்டும் ரப்பர் தவளைகளைக் கழுவி, துடைத்து, பெட்டியில் அடுக்குவது நான். அந்தத் தவளைகள் பாஸ் என்ற வெளிநாட்டு மீனுக்காகச் செய்யப்பட்டவை. அட்டைப்பெட்டியில் அதன் படம் இருக்கும். எங்கள் பக்கத்தில் பாஸ் கிடையாது, விரால்தான். பாசிக்கு அடியில் பதுங்கி, மேலே நகர்வதைப் பாய்ந்து கவ்வும் குணம் இரண்டுக்கும் ஒன்று என்பதால் அதே தவளை இங்கேயும் செல்லும். உள்ளே வெற்றுடம்பு. இரட்டைக் கொக்கி முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் பாசியில் மாட்டாது. மீன் கவ்வினால் உடம்பு நசுங்கிக் கொக்கி வெளியே வரும். வயிற்றுக்குள் தண்ணீர் புகுந்தால் தவளை அமிழும், அவ்வப்போது பிழிந்துவிட வேண்டும்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டி பார்க்கிங்கில் கொக்கி கழற்றிய தவளையை ஒரு வாரம் வீசிப் பழகினேன். வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தூரத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது கணவர் படுத்தபடியே கேட்டார்: "எதை எடுத்தே?"

"கறுப்பு. அதோட காலை ஒரு பக்கம் கொஞ்சம் கத்தரிச்சிருக்கேன். அப்பத்தான் இடமும் வலமுமா திரும்பும்."

"ஏன் கறுப்பு?"

"மேகமா இருக்கு. அடியிலேர்ந்து பார்த்தா கறுப்புதானே நல்லாத் தெரியும்?"

"அரே வா!" என்றார். பிறகு குரல் மாறியது. "மீன் பாய்ஞ்சு தண்ணி வெடிச்சதும் இழுத்துடாதே. எல்லாரும் அங்கதான் விடுவாங்க. தூண்டில் நரம்பு கனக்கட்டும்."

சிஞ்ச்வட்டில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய தம்பி பைக்கில் கூட்டிப்போனார். ஹிஞ்சேவாடி தாண்டி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. மழைக்காலத்தில் பக்கத்து ஓடை அதற்குள் வழியும். கரையில் ஒருவர்கூட இல்லை.

"ஷ்ராவண் மாசம் அண்ணி. மராத்திக்காரங்க ஒருத்தரும் மீன் தொட மாட்டாங்க. இப்ப கம்பைத் தூக்கிட்டு வந்த பாகல், பைத்தியம், நாம ரெண்டு பேருதான்" என்று கொழுந்தன் சிரித்தார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெட்டிய பாறைச் சுவர்கள் சுற்றி நிற்க, நிஜத் தவளைகளின் கத்தல் அவற்றில் மோதி இரட்டிப்பாகக் கேட்டது. பாசிப் படலத்தைத் தாண்டி வீசினேன். தவளையை மெதுவாக இழுத்துப் பாசியின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்துவதுதான் முக்கியம். இழுக்கும்போது மீன் பார்க்கும், நிற்கும்போது கவ்வும்.

அப்போது எதிர்க்கரையில் ஓரிடத்தில் மட்டும் கத்தல் நின்றது. நின்ற இடம் நகர்ந்தது. அது நெருங்க நெருங்கத் தவளைகள் வாயடைத்தன, கடந்துபோன பின் மறுபடி தொடங்கின. சத்தமில்லாத அந்தத் துண்டு கரையோரமாகவே வளைந்து என் காலடிக்கு எதிரே வந்து நின்றது. பாசிக்கு அடியில் யாரோ வாயைத் திறந்து காற்றை விழுங்குவதுபோல் ஓர் ஒலி. தெரிந்த ஒலி. எங்கே கேட்டேன் என்பது மட்டும் பிடிபடவில்லை.

"விரால் மூச்சு எடுக்குது" என்று கொழுந்தன் கிசுகிசுத்தார். "அங்க பாருங்க."

தண்ணீரில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் செங்கல் நிறம் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு.

"அதுக்கு மேலேயே போடுங்க அண்ணி. தாய் அடியிலதான் நிக்கும். பசிக்கலேன்னாலும் அடிக்கும்."

போட்டேன். தவளை சிவப்பின் நடுவில் விழுந்தது. இழுக்கக்கூட இல்லை, தண்ணீர் வெடித்தது. கறுப்புத் தவளை காணாமல் போனது. நான் பொறுத்தேன். நரம்பு கனத்தது, கம்பை உயர்த்தினேன். ஒரு கணம் எதிர்முனையில் கனமாக ஏதோ தலையை உதறியது. அடுத்த கணம் நரம்பு தொய்ந்துவிட்டது.

சுருட்டி எடுத்தேன். தவளையின் வயிறு பல் பட்டுக் கிழிந்திருந்தது. உள்ளே தண்ணீர் நிறைந்து உப்பியிருந்தது. வழக்கம்போல உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தேன். கிழிசல் வழியாகத் தண்ணீரோடு ஒரு குஞ்சு வழுக்கி வந்தது. சிவப்பு. உயிரோடு. அதன் வாய் திறந்து திறந்து மூடியது.

கொழுந்தன் எட்டிப் பார்த்துப் பின்வாங்கினார். "ச்சீ. எப்படிப் போச்சு உள்ள?"

நான் குனிந்து கையைத் தண்ணீரில் வைத்தேன். குஞ்சு போய்விட்டது. என் விரல்களுக்கு ஒரு முழம் தள்ளி, கலங்கலில், மறுபடி அந்த மூச்சு. காற்றை அவசரமாக விழுங்கி, முடியாமல், பாதியில் விட்ட மாதிரி. இப்போது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது: அவர் அந்தக் கருவியை இழுக்கும் ஒலி.

"இன்னொரு தரம் போடுங்க, அது எங்கயும் போகாது. அண்ணன் என்ன சொன்னார், ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"பின்னே? வேணாம்னா கட்கி மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிட்டுப் போலாம். யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும். வாயில கொக்கிக் காயம் இருக்கான்னு பார்ப்பார்" என்றேன். நரம்பை அறுத்துத் தவளையைப் பையில் போட்டேன். பைக் வரைக்கும் நடந்தோம். கரையோரத் தவளைகள் எங்களோடு கூடவே அமைதியாகிக்கொண்டு வந்தன. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அவர் வெறும் பையைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. பந்தயத்தில் தோற்றுவிட்டேன், இனி அந்தக் கருவியை எப்படி நீட்டுவது? தவளையை மட்டும் அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு பெருசு?"

"பார்க்கல. மூச்சுதான் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க இழுங்க. அப்படித்தானான்னு சொல்றேன்."

தவளையை மடியில் வைத்தார். பிறகு கருவியை எடுத்து வாயில் வைத்து இழுத்தார். ஒரு பந்து எழுந்தது.

"இல்ல."

மறுபடி. இரண்டு பந்துகள்.

"இன்னும் பெருசா. அடியிலேர்ந்து வந்த மாதிரி."

நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி இழுத்தார். மூன்றாவது பந்து நடுங்கி எழுந்து, உச்சியில் கொஞ்சம் நின்று, விழுந்தது.

"இதா?" என்றார் மூச்சு வாங்க.

இதேதான். பாசிக்கு அடியில் முதலில் கேட்ட அதே ஒலி, சிறிதும் மாறாமல். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் மடியில் கிடந்த தவளையை எடுத்து ஈரம் போகப் பிழிந்தேன். அது காலியாகத்தான் இருந்தது. இருந்தும் இன்னொரு முறை பிழிந்து பார்த்தேன்.