மூன்றாம் தரம் கேட்டால்தான்

கோதுமைக் காட்டுக்கு நடுவே இருந்த ஒற்றை அறைப் பள்ளியில், போர்கில்ட் டீச்சரிடம் குட்டு வாங்காதவர் எங்கள் ஊரில் கிடையாது. புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் நான்கு பெண்களையும் வளர்த்தாள்.

நார்வேயிலிருந்து வடக்கு டகோட்டாவுக்கு வந்து குடியேறிய சனம் நாங்கள். காபி கொடுத்தால்கூட இரண்டு தரம் வேண்டாம் என்போம், மூன்றாம் தரம்தான் வாங்குவோம். கேட்டதும் கை நீட்டினால் அலைகிறவள் என்று பேர் வந்துவிடும்.

அந்த வருஷம் பள்ளிக் குழுவுக்குத் தலைவராக வந்த ப்ரூயிட் வெளியூர்க்காரர். கூட்டத்தில் எழுந்து, "அடுத்த வருஷமும் நீங்களே பாடம் எடுக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"எனக்கெதுக்குங்க, வயசுப் பொண்ணு யாரையாவது பாருங்க."

"சரிம்மா, உங்க இஷ்டம்" என்று எழுதிக்கொண்டார்.

அந்தச் சம்பளம் போனால் டீச்சர் வீட்டில் அடுப்பு எரியாது. வாய்விட்டுக் கேட்கவும் மானம் விடவில்லை.

அவளுடைய ஓரகத்தியின் தம்பி ஆர்விட், அவளிடமே படித்தவன், தலைவரின் கோட்டைப் பிடித்து இழுத்தான். "ஐயா, இன்னும் ரெண்டு தரம் கேளுங்க."

"அந்தம்மாதான் வேண்டாம்னுட்டாங்களேப்பா."

"ஒரு தரம்தானே சொன்னாங்க."

அவர் குழம்பிப்போய் மறுபடி கேட்டார். "வேண்டாங்க, உங்களுக்கு ஏன் சிரமம்" என்றாள் டீச்சர். அவர் பேனாவை எடுத்தார். ஆர்விட் அதைப் பிடுங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல் மூன்றாம் தரமும் கேட்டார்.

"இவ்வளவு தூரம் சொல்லும்போது எப்படித் தட்டுறது" என்றாள் டீச்சர்.

வீட்டுக்குப் போனதும் பெண்களிடம் சொன்னாள்: "பாவம்டி அந்த மனுசன். நான் இல்லேன்னா பள்ளிக்கூடமே நடக்காதாம். மூணு தரம் கெஞ்சிட்டாரு."