சிரிப்பொலி இல்லாத தபால் நிலையம்

அந்தக் குளிர்காலத்தில் என் மனைவி, மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கே போய்விடப்போவதாகச் சொன்னாள். சண்டை எதுவும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"இங்க என்னங்க இருக்கு? நீங்க வேலைக்குப் போறீங்க, வர்றீங்க, சாப்பிடுறீங்க, படுக்கிறீங்க. அங்கன்னா அக்கா வாய் ஓயாம பேசிக்கிட்டாவது இருக்கும்."

"பார்ப்போம்" என்றேன். எங்கள் ஒரே மகள் மெல்பர்னுக்கு வேலைக்குப் போன பிறகு, நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையின் ஸ்டோரில் பெட்டி அடுக்குவது என் வேலை. பெட்டிகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பேசத் தெரியாத என்னையும் அவளையும் சேர்த்துவைத்தது ஒரு டிவி தொடர்தான். கல்யாணமான புதிதில், கிள்ளானில், சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் போடுவார்கள். ஏதோ ஒரு கடலோர ஊரில் தபால் நிலையம் நடத்தும் கணவனும் மனைவியும். தபால்தலை ஒட்டுவதிலிருந்து டீ போடுவது வரை எல்லாவற்றுக்கும் சண்டை. அவர்கள் பேசிய இங்கிலீஷ் எங்களுக்குப் பிடிபடவில்லை. கீழே ஓடிய மலாய் எழுத்தில் கதை புரிந்தது, வேடிக்கை புரியவில்லை. ஆனால் டிவிக்குள் ஒரு கூட்டம் இருந்தது. அது சிரித்தது. அது சிரிக்கும்போது நாங்களும் சிரித்தோம். ஒருநாள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆக்லாந்துக்கு வந்த பிறகும் அந்தத் தொடரை மறுபடி போடும்போதெல்லாம் சேர்ந்து பார்த்தோம். இங்கே மலாய் எழுத்து இல்லை. கூட்டம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

அதற்கு இப்போது ஒரு முன்கதை எடுத்திருப்பதாக மகள் போனில் சொன்னாள். "யூ டூ வில் லவ் இட், டாட். அந்த ரெண்டு பேரும் யங்கா இருக்கும்போது எப்படி மீட் பண்ணாங்கன்னு வருது. சண்டே நைட்."

போகாதே என்று மனைவியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருவரும் சேர்ந்து ஒருமுறை சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரை முன்னறைக்கு நகர்த்தி வைத்தேன். மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் வாங்கி வந்தேன். டீயை நானே கலக்கினேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க விசேஷம்?"

"சும்மாதான்."

"மாப்பிள்ளையாட்டம் சட்டைய மாத்திக்கிட்டு சும்மாவாம்! போங்கலா."

அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. எனக்குள் நம்பிக்கை வந்தது.

தொடர் ஆரம்பித்தது. படம் பளிச்சென்று, அழகாக இருந்தது. மழையில் சைக்கிளில் வந்த ஓர் இளைஞன், தபால் நிலையக் கவுன்டரில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னான். அவள் பதில் சொன்னாள். நாங்கள் காத்திருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. அவன் மறுபடி ஏதோ சொன்னான். அப்போதும் இல்லை.

"சவுண்டு கம்மியா இருக்கா?" என்றாள்.

கூட்டி வைத்தேன். டிவியில் பெய்த மழைதான் பெரிதாகக் கேட்டது. வெளியேயும் மழை. டிவிக்குள்ளிருந்த கூட்டத்தை எங்கோ அனுப்பிவிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் சிரிப்பொலி சேர்ப்பது குறைந்துவிட்டது என்று மகள் பிறகு சொன்னாள்.

"எப்பங்க சிரிக்கணும்?" என்று மனைவி கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. அவன் தபால் பையைத் தண்ணீரில் போட்டபோது, இதுதான் இடம் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்த அறையில் அது இருமல் போலக் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான். அந்தப் பெண் கவுன்டரில் கன்னத்தை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பேசுறான் பாருங்க" என்றாள் என் மனைவி. அதில் கிண்டல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். "அப்ப நாம எதுக்குத்தான் சிரிச்சோம்? அவங்க சிரிச்சாங்க, நாம சிரிச்சோம். அவ்வளவுதானா?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டீ ஆறிப்போச்சு" என்றேன்.

அவள் இரண்டு கப்பையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தொடர் முடிந்து விளம்பரம் வந்தபோதும் அவள் திரும்பி வரவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். விமான நிலையத்தில், "அரிசிய மூடி வைங்க, எறும்பு வந்துரும்" என்றாள். தலையாட்டினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா என்பாள். ஆமா என்பேன். பிறகு இரண்டு பக்கமும் பேச்சிருக்காது. பின்னாலிருந்து அவள் அக்கா ஏதாவது சொல்வார்கள். அங்கே வீடே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்காது. நானும் சிரித்துவைப்பேன்.