பதுளை நூலகத்தில் கிடந்த நிக்கல் ஆய்வேடு

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த நான், தொண்ணூறுகளில் இந்தியாவுக்குப் போய்ப் பௌதிகம் படித்தேன். சிலிக்கன் தகட்டின் மேல் நிக்கலை மெல்லிசாகப் படியவைத்துச் சூடாக்குவதுதான் என் ஆய்வு. இரண்டும் சேர்ந்து, மின்சாரம் சுலபமாக ஓடும் சிலிசைட் படலமாகும். முதலில் இளஞ்சூடு, பிறகு சேராமல் மிஞ்சிய நிக்கலை அமிலத்தில் கழுவல், அப்புறம் கூடிய சூடு. இந்த ஒழுங்கில் செய்தால் படலம் நன்றாக அமைகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பதுளைக்கு வந்து டீச்சரானேன்.

நகர நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சுவாக்கில் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னதும் ஒரு பிரதி கேட்டார். இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

சில வருடங்கள் கழித்து வெளிநாட்டு வழக்கறிஞர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே ஒழுங்கைத் தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கிய ஒரு சிப் கம்பனி, இன்னொரு கம்பனி மேல் வழக்குப் போட்டிருந்ததாம். இவர் அந்த இன்னொரு கம்பனியின் வழக்கறிஞர். காப்புரிமை கேட்பதற்கு முன்பே என் ஆய்வேடு பொதுமக்கள் பார்க்கும்படி எங்காவது இருந்ததா என்று கேட்டார். இருந்திருந்தால் அது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது, காப்புரிமையும் நிற்காதாம். பல்கலைக்கழகப் பிரதி என் பேராசிரியரின் பூட்டிய அலுமாரியில் இருந்தது, அது செல்லாது. அப்போதுதான் எனக்கு நூலகம் ஞாபகம் வந்தது.

நூலகர் பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"ரீச்சர், நீங்கள் தந்த அண்டைக்கே பதிஞ்சு, பட்டியல் பெட்டிக்கு அட்டையும் எழுதி வைச்சனான்."

காப்புரிமை விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருடம் முந்திய தேதி. ஆனால் ஆய்வேட்டை ஒருவரும் இரவல் எடுத்திருக்கவில்லை. நீதிமன்றத்துக்காக வழக்கறிஞர் கேட்ட சத்தியக் கடதாசியில் அதை எழுதத்தான் வேண்டுமா என்று நூலகர் கூச்சப்பட்டார். உள்ளதை எழுதுவோம் என்றேன். யாரும் படித்திருக்கத் தேவையில்லை, தேடுகிறவர் கையில் கிடைக்கும்படி இருந்தாலே போதும் என்று வழக்கறிஞர் பதில் போட்டார். இருவரும் சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டோம். நூலகர் தன்னுடையதை மூன்று தடவை திருத்தி எழுதினார்.

அடுத்த வருடம் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. சேதியை எடுத்துக்கொண்டு அந்த வார இறுதியிலேயே தோட்டத்துக்குப் போனேன்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நமக்கு என்னா கெடச்சிச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. நான் முன்னமே செஞ்சதுன்னு ஒத்துக்கிட்டாங்க."

"அது போதும்ல," என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல எழுந்து போனார்.