இரண்டாகப் பிரிந்த ரயில்

சென்ற கோடையில் மோர்டனிலிருந்து மூன்று தோழிகள் வியன்னாவுக்குப் புறப்பட்டோம். பிரசெல்ஸில் இரவு ரயில் ஏறினோம். ஒருத்தியின் குறட்டை தாங்காமல், போனை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு பெட்டியில் போய்ப் படுத்தேன்.

விடிந்ததும் எங்கள் பெட்டியைத் தேடி வெறும் காலுறையோடு நடந்தேன். கடைசிவரை போயும் அது இல்லை. குறட்டைக்காரியை அழைத்தேன்.

"எங்கயடி நிக்கிறாய்? உன்ர சப்பாத்து இஞ்ச கிடக்கு."

"ரயிலுக்குள்ளதான் நிக்கிறன். நீங்கள்?"

"நாங்களும் ரயிலுக்குள்ளதான்."

இரவில் ரயில் இரண்டாகப் பிரிந்ததாகவும், இந்தப் பாதி பெர்லினுக்குப் போவதாகவும் நடத்துநர் சொன்னார். எனக்கு விளங்கவில்லை; மறுபடி கேட்டேன். பெர்லினில் போன் மூலமே பணம் கட்டிச் செருப்பு வாங்கிக்கொண்டு அடுத்த ரயில் பிடித்தேன்.

மாலையில் வியன்னா நிலையத்தில் இருவரும் காத்திருந்தார்கள். ஊர்ப்பலகையை இரண்டு முறை வாசித்த பிறகுதான் அவர்களைக் கட்டிப்பிடித்தேன்.