பல்சக்கரமும் தோணிக்காரரும்

அந்தத் தோணிக்காரரின் பெயரை நான் கேட்டதேயில்லை. வெயிலில் கறுத்த முதுகு, எப்போதும் பாதி மூடியிருக்கும் இடக்கண். யார் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்று ஒத்துப்பாடுவார்.

பல்சக்கரம் உடைந்து என் லொறி கரடியனாறு என்ற ஊரில் நின்றுவிட்டது. அறுத்த நெல் வயல்வட்டையிலேயே மழையில் நனைந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்த புதுச் சக்கரத்தைத் தோணித்துறைக்கு அனுப்பிவிட்டதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். துறையில் அதைக் கண்டவர் எவருமில்லை. தினமும் அந்தத் தோணிக்காரரின் தோணியில் வாவியைக் கடந்து, ஸ்டேஷனுக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன்.

"இண்டைக்கும் கிடைக்கல்லியா தம்பி? கள்ளனுகள்!" என்று ரயில்காரரை எனக்காக அவரே திட்டுவார். எனக்கிருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஒருநாள் கரையை அடைந்ததும் நங்கூரத்தைப் போடத் தூக்கினார். கல்லைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினால் அங்கே அதுதான் நங்கூரம். அன்று சாக்கு கிழிந்திருந்தது. உள்ளே இரும்புப் பற்கள் தெரிந்தன.

"அண்ணே, இது என்ர சக்கரம்!"

அவர் பதறவேயில்லை. "துறையில கிடந்திச்சி. ஆரோ விட்டுட்டுப் போன நங்கூரம் எண்டு நினைச்சன்" என்று கயிற்றை நிதானமாக அவிழ்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப தோணிய நான் எதால நிப்பாட்டுற, தம்பி?"

அவர் அப்பாவியா, கெட்டிக்காரரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துருவேறிய சக்கரத்தைக் கரையில் வைத்துவிட்டு, அவருக்காக ஒரு கல் தேடி நடந்தேன்.

"சின்னக் கல்லு வேணாம்" என்று பின்னாலிருந்து கத்தினார். "அந்தச் சக்கரம் மாதிரிப் பாரமாப் பாருங்க!"