கரிக்கு மேலே இலை

எழுமலை ஊர்க்காரி அன்னக்கொடிக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாதி ஆயுசு பருத்திக்காட்டில் போனது. ஐம்பதுக்கு மேல் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்குப் போய், இப்போது தல்லாகுளத்தில் செல்வக்குமாரைப் பார்த்துக்கொள்கிறாள். நிலக்கரி தேடிப் பூமியைத் துளைக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

அன்று காலை அவர் கட்டிலடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்தாள். உள்ளே உருளை உருளையாகக் கற்கள், மேலே அப்பிய தூசி. சோப்புப் போட்டுக் கழுவினாள். எண் எழுதி ஒட்டியிருந்த காகிதத் துண்டுகள் கரைந்து ஓடின. பாத்திரம் அடுக்குவதுபோல் பெரியதில் தொடங்கிச் சிறியது வரை அடுக்கினாள்.

மதியம் செல்வக்குமார் பெட்டியைப் பார்த்தார். அதன்பின் சாப்பிட வாயே திறக்கவில்லை. ஊட்டிய கூழ் கழுத்தில் வழிந்தது.

அவர் மனைவி சுபலட்சுமி தலையில் கை வைத்தாள். "என்னக்கா பண்ணி வச்சீக! கோதாவரிப் பக்கம் துளை போட்டு எடுத்த கல்லு. அடியில கெடந்தது அடியிலயே இருக்கணும். எல்லாம் பெர்மியன் காலத்துது. இருபத்தாறு கோடி வருசத்துக்கு மேலயாம்."

"அம்புட்டு வருசத் தூசியவா கழுவிட்டேன்?"

"சிரிக்காதீக. ஏற்கெனவே அரைவயிறு. இன்னைக்கும் சாப்பிடலேன்னா மூக்குல டியூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல."

அந்த டியூப் உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம் என்று அன்னக்கொடிக்குத் தெரியும். அவரை நிமிர்த்தி உட்கார்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மடியில் பலகை வைத்துக் கற்களைப் பரப்பினாள்.

"சார், ஒரு கல்ல அதோட எடத்துல வச்சா ஒரு வாய். நம்ம பேச்சு அம்புட்டுத்தான்."

அவர் இடக்கை நகர்ந்தது. கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவித் தடவி, கூழாங்கல் பதிந்த துண்டைப் பெட்டியின் அடியில் வைத்தார். வாய் திறந்தது.

"பனிக்கட்டி இழுத்துட்டு வந்த கல்லாம்," என்றாள் சுபலட்சுமி.

அடுத்துப் பருமணல் கல். அதன்மேல் நுண்மணல் கல். மதியத் தூக்கம் கெட்ட அன்னக்கொடியின் கண் செருகியது. கட்டிலுக்கடியில் குளிர்ந்த ஆறு பரவி, மணல் ஒவ்வொன்றாய்ப் படிந்துகொண்டிருந்தது. நூல்நூலாக வேரோடிய கல் வந்தது. வேரிலிருந்து மரங்கள் எழுந்து சுவரைத் தாண்டி நின்றன. பூவும் பறவையும் பிறக்காத காடு. தல்லாகுளத்து பஸ் ஹாரன் அதற்குள் எங்கோ தொலைவில் கேட்டது. மரங்கள் மெல்லச் சாய்ந்து கறுத்தன. அவர் விரலில் கரி. கூழ்க்கிண்ணத்தின் விளிம்பிலும் கரி.

கடைசிக் கல்லில் ஓர் இலை பதிந்திருந்தது. நாக்கைப்போல நீளம், நடுவில் நரம்பு, இருபுறமும் வலைப்பின்னல். அவர் அதை வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"கல்ல வைக்கலையேக்கா. பேச்சுத் தப்புது," என்றாள் சுபலட்சுமி.

"தப்பட்டும்," என்று கடைசி வாயை ஊட்டினாள் அன்னக்கொடி. "டாக்டருக்குப் போன் போடு தாயி. முழுக்கிண்ணமும் எறங்கிருச்சுன்னு சொல்லு."

சாப்பிட்ட உடனே படுக்க வைக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவர் தூங்கினார். கரிக்கு மேலே இலைக்குரிய இடம் காலியாகக் கிடந்தது. அன்னக்கொடி கல்லைப் பிடுங்கவில்லை. விரலில் அழுத்திப் புண்ணாகிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு துணியைச் சுற்றிவிட்டாள்.