ரோசிலி டீச்சரின் அலுமினியக் குண்டான்

“போனை அணைச்சுட்டுப் போடு மோளே. இங்க வந்து கத்தக் கூடாது,” என்றபடி ரோசிலி டீச்சர் குண்டானை நீட்டுகிறார். பள்ளிச் சமையலறையில் முன்பு பயறு வெந்த அலுமினியக் குண்டான். இப்போது ஒன்பதாம் வகுப்பின் கைபேசிகள் காலையில் அதற்குள் போனால் மாலையில்தான் வெளியே வரும்.

“டீச்சரே, இன்னைக்குப் பயறு வேகுமா?”

“உன் கணக்குதான் வேகல. போடு.”

குண்டானுக்குத் தப்பி வகுப்புக்குள் வந்த கைபேசியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கரும்பலகையிலிருந்து திரும்புவார். “மோவாய் ஏன் நீலமா மின்னுது, மோனே?” மேசைக்கடியிலிருந்து அது தானாக வெளியே வரும்.

கேரளத்தில் பாலா என்ற ஊருக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்தப் பள்ளி. மதிய இடைவேளையில் பிள்ளைகள் கூச்சலிட்டால் மற்ற ஆசிரியர்கள் கதவை மூடுவார்கள். ரோசிலி டீச்சர் ஜன்னலைத் திறந்து வைப்பார். “முன்னாடி ஆளுக்கொரு தூண்ல சாஞ்சு போனையே பாத்துட்டு இருந்துச்சுங்க. சாவு வீடு மாதிரி இருக்கும். இந்தச் சத்தத்துக்காகத்தான் பறிக்கிறேன்.”

ஜூன் மழையோடு ஜிஸ்னா புதிதாக வந்து சேர்ந்தாள். குண்டான் எதிரே வந்ததும் கைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.”

பின்னால் நின்றவர்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு அணைத்துப் போட்டுவிட்டாள்.

மதியம் அலுவலகத்துக்கு அவள் அம்மா அழைத்தாள். கோட்டயத்தில் துணிக்கடை வேலை அவளுக்கு. “டீச்சரே, என் கொச்சோட, ஜிஸ்னாவோட போன் எங்க? அவ கையில ரத்தத்துல சர்க்கரை பாக்குற பட்டன் ஒட்டியிருக்கு. பக்கத்துல போன் இருந்தாத்தான் அளவு எனக்கு வரும்; சர்க்கரை இறங்குனா போன் கத்தும். காலையிலேருந்து ஒண்ணுமே வரல. சேர்க்கும்போதே சொல்லியிருப்பேன், அவதான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அழுதா.”

டீச்சர் ரிசீவரை வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினார். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஜிஸ்னா உட்கார்ந்திருந்தாள். மழைக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின. சமையலறையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வந்தது. டம்ளரை டீச்சரே பிடித்துக்கொண்டார்.

நடுக்கம் நின்ற பிறகு கேட்டார், “ஏன் கொச்சே சொல்லல?”

“சொன்னா எல்லாரும் நோயாளியாத்தான் பாப்பாங்க டீச்சர்.”

“நான் கேட்டிருக்கணும். கேக்காமப் பறிச்சது என் தப்பு.”

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். பாதிப் பேர் கைபேசியே வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். மீதிப் பேர் எல்லாருக்கும் கொடுங்கள் என்றார்கள். ஜிஸ்னாவிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டு, அவளுடைய கைபேசி அவள் மேசையிலேயே இருக்கட்டும் என்று ரோசிலி டீச்சர் எழுந்து சொன்னார்.

“ஒருத்திக்குன்னா என் பையனுக்கும் வேணும்,” என்றார் ரப்பர் வியாபாரி குரியச்சன்.

“அவ போன் அவ ரத்தத்தப் பாக்குது. உங்க மோன் போன் என்னத்தப் பாக்குது, சேட்டா?”

குரியச்சனின் மனைவிதான் முதலில் சிரித்தாள். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். மற்ற கைபேசிகள் மறுநாளும் குண்டானுக்குத்தான் போயின.

ஜிஸ்னா பயந்தது போல வகுப்பு அவளை விட்டு ஒதுங்கவில்லை. முதல் வாரம் எல்லாரும் அவள் கைப் பட்டனைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். இப்போது இடைவேளைக் கூச்சலில் அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது.

இன்று இயற்கணிதப் பாடத்தின் நடுவே அவள் மேசையிலிருந்த கைபேசி கீச்சிட்டது. ரோசிலி டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பவில்லை. வலக்கை சமன்பாட்டை எழுதிக்கொண்டே போக, இடக்கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டினார். விரித்த உள்ளங்கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது.